பதறாதவனுக்கே ஆழ்கடல்

நாகர்கோவிலிலிருந்து கடலை நோக்கி வருகிற பாதை முட்டத்தில் பாறைகளின்மேல் வந்து முடிகிறது. மேட்டில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. கீழே கரும்பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. மாலையில் கதிரவன் மறைவதைக் காண வருகிறவர்கள் அலை பாறையில் மோதிச் சிதறும் அழகைக் கண்டு வியந்து திரும்பிச் செல்கிறார்கள். ஆனால், அந்த அலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை இங்குள்ள குடும்பங்களே அறியும்.

அங்கே பாறைகளைப் பற்றிக்கொண்டு சிப்பிகள் கூட்டங்கூட்டமாய் வளர்கின்றன. கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரையிலான கடற்கரை தவிட்டு நிறச் சிப்பிக்குப் பெயர்பெற்றது. ஆனி, ஆடி மாதங்களின் கொந்தளிப்பு அடங்கி, கடல் தெளிந்ததும் கடியப்பட்டணம், முட்டம், குளச்சல், இனயம் முதலிய ஊர்களின் இளைஞர்கள் கண்ணாடி அணிந்து, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, கையில் இரும்புக் கம்பியுடன் கடலில் முங்குகிறார்கள். கரையில் ஒரு தாயோ மனைவியோ கடலைப் பார்த்தவாறே நிற்கிறாள். முங்கியவன் தலை தெரியும்வரை அவளுக்கும் மூச்சு ஓடுவதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, அவன் ஒவ்வொரு முறையும் உயிரோடு மேலே வருவதற்கு எது காரணம்? உடல் வலிமையா? துணிச்சலா? கடற்கரையில் பிறந்தவன் என்பதா? இம்மூன்றையும் நம்பி இறங்கித் திரும்பி வராதவர்கள் உண்டு. ஆழத்தில் உயிரைக் காப்பவை வேறு இரண்டு. ஒன்று முறையான பயிற்சி. மற்றொன்று பதறாத மனம். இவை இரண்டும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சற்று ஆராய்வோம்.

முத்துக்குளித்துறை தந்த பாடம்

ஆழத்தில் முங்கும் தொழில் தமிழருக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, கொற்கை துறைமுகமாய் விளங்கிய நாள் முதலே உலகறிந்த தொழில். 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் வந்து சேர்ந்ததும் முத்துக்குளித்துறை மக்களிடையேதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1544இன் இறுதியில், அவர் நமது மேற்குக் கடற்கரை ஊர்களுக்கு வந்தார். ஆகவே, ஆழ்கடலில் மூச்சடக்கி உழைக்கும் தொழிலும் நம் கடற்கரையின் விசுவாச வரலாறும் ஒன்றையொன்று நன்கு அறிந்தவை.

அந்நாளைய முத்துக்குளிப்பு எவ்வளவு ஒழுங்குடன் நடைபெற்றது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். ஒரு படகில் பெரும்பாலும் 10 பேர் முங்குவோர் இருப்பார்கள். அவர்கள் ஐந்து இணைகளாய்ப் பிரிந்திருப்பார்கள். ஐவர் கீழே சென்றால் ஐவர் மேலே இளைப்பாறுவார்கள். இருவருக்கு ஒரு கல். கயிற்றில் கட்டிய அந்தக் கனமான கல்லில் காலை ஊன்றி, மூச்சை நிறைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவோன் இறங்குவான். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவான். மேலே உள்ளவர் அதை இழுத்துக்கொள்வார். அவன் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் சேர்த்துக்கொண்டு கயிற்றை அசைப்பான். மறுகணமே மேலே தூக்கப்படுவான். இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

1905ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. இயந்திரம் ஏதுமின்றி இத்தனை பேர் இத்தனை முறை முங்கி எழுந்தார்கள் என்றால், அதற்கு ஒரு காரணம் அந்த ஒழுங்கே. தனியே எவனும் இறங்கவில்லை. ஒருவன் கீழே இருக்கும்போது, அவனுடைய கயிற்றைத் தவிர வேறெதையும் நோக்காத ஒருவர் மேலே இருந்தார். முங்கியவனின் மன அமைதிக்கு அந்தக் கயிறே அடித்தளம். "என்னைப் பிடித்திருப்பவர் இருக்கிறார்" என்னும் உறுதி உள்ளவன் பதறுவதில்லை.

உடல் போடும் கணக்கு

கடலின் அடியில் நம் உடலுக்கு என்ன நேர்கிறது? தரையில் நம்மீது ஒரு மடங்கு காற்றழுத்தம் இருக்கிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அது இரு மடங்காகிறது. 20 மீட்டரில் மும்மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அழுத்தம் கூடக் கூடக் காற்றின் பருமன் குறையும் என்பது 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் கண்ட விதி. ஆகவே, 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிறைத்து முங்குகிறவனுக்கு 10 மீட்டர் ஆழத்தில் அது 3 லிட்டராய்ச் சுருங்கிவிடுகிறது. 20 மீட்டரில் 2 லிட்டர்தான்.

இந்த அழுத்தத்தை முதலில் உணர்வது செவி. இரண்டு மூன்று மீட்டர் இறங்குவதற்குள்ளேயே செவிப்பறை உள்நோக்கி அழுந்தி வலிக்கத் தொடங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காற்றை உந்தினால், தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையிலுள்ள சிறு குழல் திறந்து வலி நீங்கும். வலி வந்த பிறகு செய்வதைவிட, வருமுன்னரே சிறிது சிறிதாய்ச் செய்துகொண்டே இறங்குவதுதான் முறை. சளிப் பிடித்திருக்கும்போது அந்தக் குழல் அடைபட்டிருக்கும். அப்போது வலியைப் பொருட்படுத்தாமல் இறங்குகிறவனுக்குச் செவிப்பறை கிழியலாம். உள்ளே குளிர்ந்த நீர் புகுந்ததும் தலை சுழலும். மேலே எது, கீழே எது என்று தெரியாமல் போகும். "அவனுக்கு வலி பொறுக்கும்" என்று பெருமை பேசுவதில் என்ன பயன்?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. மூச்சை அடக்கியிருக்கும்போது, "போதும், மூச்சு விடு" என்று நம்மை நெருக்குவது எது? பிராணவாயு குறைவதுதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பெரிதும் தவறு. இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதே அந்த நெருக்கடியை உண்டாக்குகிறது. அதுவே உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி.

சில இளைஞர்கள் இறங்குமுன் இருபது முப்பது முறை வேகவேகமாய் மூச்சை இழுத்து விடுகிறார்கள். நெடுநேரம் அடியில் இருக்கலாம் என்பது அவர்கள் கண்ட உபாயம். உண்மையில் அவ்வாறு செய்வதால் பிராணவாயு அதிகமாய்ச் சேர்வதில்லை. கரியமில வாயுதான் வெளியேறிவிடுகிறது. அதாவது, எச்சரிக்கை மணியின் நாவையே கழற்றிவிடுகிறார்கள். அடியில் அவனுக்கு எந்தத் தொல்லையும் தோன்றாது. அழுத்தம் மிகுந்திருப்பதால், எஞ்சிய சிறிதளவு பிராணவாயுவும் அங்கே போதுமானதாய் இருக்கும். மேலே ஏறத் தொடங்கியதும் அழுத்தம் பாதியாய்க் குறைகிறது. அதோடு பிராணவாயுவின் வலுவும் குறைகிறது. நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும்போது, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், விளக்கு அணைவதுபோல் நினைவு அணைந்துவிடும்.

நன்றாக நீந்தத் தெரிந்தவன், கடல் அமைதியாய் இருந்த நாளில், கைக்கெட்டும் ஆழத்தில் இறந்து கிடந்தான் என்று கேள்விப்படும்போது, "ஏதோ பிடித்து இழுத்துவிட்டது" என்று கரையில் பேசிக்கொள்வதுண்டு. இழுத்தது பேயுமன்று, சுழியுமன்று. அறியாமையே பெரும்பாலும் அவனை இழுத்துச் செல்கிறது.

அச்சம் என்னும் சுறா

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போருக்குத் தீங்கு நேராதபடி பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோர் இருந்ததாகவும், அவர்களுக்கு முத்தில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாகவும் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் இவர்கள் "கடல்கட்டி" எனப்பட்டனர். மந்திரத்தால் சுறாவின் வாய் கட்டுப்படுமா என்று நாம் நகைக்கலாம். ஆனால், மந்திரம் கட்டியது சுறாவை அன்று, முங்குவோரின் அச்சத்தை. அச்சம் கட்டுப்பட்டால்தான் தொழில் நடக்கும் என்று அக்காலத்தவர் அறிந்திருந்தனர் என்பதே நாம் கொள்ளவேண்டிய செய்தி.

அச்சம் கொண்டவனுடைய நெஞ்சு படபடக்கிறது. தசைகள் இறுகுகின்றன. சேமித்து வைத்த பிராணவாயு விரைவில் தீர்ந்துபோகிறது. இதற்கு நேர்மாறாக, முகம் குளிர்ந்த நீரில் பட்டதும் இதயத் துடிப்பு தானாகவே மெதுவாகும்படி இறைவன் நம் உடலை அமைத்திருக்கிறார். அமைதியாய் இருப்பவனுக்கு இந்த அமைப்பு துணை செய்கிறது. பதறுகிறவனோ, தனக்கு அளிக்கப்பட்ட கொடையைத் தானே உதறிவிடுகிறான்.

பதற்றம் அறிவையும் மறைக்கும். வலைப்பை பாறையில் சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். முடிச்சை அவிழ்த்து, பையை அங்கேயே விட்டுவிட்டு மேலே வர சில நொடிகள் போதும். பதறியவனோ அதையே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். "பதறாத காரியம் சிதறாது" என்பது நம் பழமொழி. தரையில் பதறினால் காரியம்தான் சிதறும். ஆழத்தில் பதறினால் உயிரே சிதறிவிடும்.

2018ஆம் ஆண்டு தாய்லாந்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூன் 23ஆம் நாள் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தால் உள்ளே அடைபட்டனர். இரண்டு பிரிட்டானிய நீர்மூழ்கு வீரர்கள் ஜூலை 2ஆம் நாள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். இருளில் உணவின்றி இருந்த அந்த நாள்களில் பயிற்சியாளர் சிறுவர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்து, அவர்கள் மனம் கலங்காமல் காத்திருந்தார்.

ஆயினும், அவர்களை வெளியே கொண்டுவருவது எப்படி? சேறு கலங்கிய நீரில், இடுக்கான வழிகளில் நெடுநேரம் முங்கி வரவேண்டும். நடுவழியில் ஒரு சிறுவன் பதறி முகமூடியைப் பிடுங்கினால் அவனும் இறப்பான், அவனை அழைத்து வருபவரும் இறப்பார். முங்கிப் பழகாத பிள்ளைகளுக்குச் சில நாள்களில் அந்தப் பயிற்சியை ஊட்ட இயலாது என்று உணர்ந்த மீட்புக் குழுவினர், மருந்து கொடுத்து அவர்களை மயக்கத்தில் ஆழ்த்தி, ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாள்களில் ஒவ்வொருவராய் வெளியே கொண்டுவந்தனர். பதற்றம் எவ்வளவு பெரிய பகை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? விழித்திருக்கும் அச்சத்தைவிட, உறங்கும் உடலே பாதுகாப்பு என்று அவர்கள் கண்டனர்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மீட்புப் பணியில், குகைக்குள் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும்போது, தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமான் குனான் ஜூலை 6ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் தேர்ந்த பயிற்சி பெற்றவர். பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், அழித்துவிடாது. பயிற்சி பெற்றவனுக்கே இப்படியென்றால், பெறாதவன் நிலை என்ன?

அமைதி பிறவிக் குணமா?

"சிலருக்கு இயல்பிலேயே நெஞ்சுரம் உண்டு; எனக்கில்லை" என்று சிலர் கூறுவர். "எனக்கு இயல்பாகவே உண்டு, பயிற்சி எதற்கு?" என்று வேறு சிலர் கூறுவர். இருவர் கூற்றும் பொருந்தாது. ஆழத்தில் வாய்க்கும் அமைதி பழக்கத்தின் பலன். ஓர் இடர் வந்தால் இன்னது செய்யவேண்டும் என்பதை ஆழமற்ற நீரில் நூறு முறை செய்து பார்த்தவனுக்கு, அதே இடர் ஆழத்தில் வரும்போது அது புதிதாய்த் தோன்றாது. புதிதாய்த் தோன்றாதது அச்சுறுத்தாது.

அதனால்தான் உலகெங்கும் நீர்மூழ்குப் பயிற்சியில், முகக்கண்ணாடியை நீருக்குள்ளேயே கழற்றி மீண்டும் அணிவதும், காற்றுக் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் பொருத்துவதும் முதல் பாடங்களாய் இருக்கின்றன. "நில், மூச்சு விடு, எண்ணிப் பார், பிறகு செய்" என்பது காற்று உருளையுடன் முங்குவோர் அனைவரும் கற்கும் மந்திரம்.

தென்கொரியாவின் ஜெஜூ தீவில் "ஹேனியோ" எனப்படும் பெண்கள் தலைமுறை தலைமுறையாய் மூச்சடக்கிச் சிப்பி எடுத்து வருகிறார்கள். முதுமை எய்திய பாட்டிமாரும் அவர்களில் உண்டு. 2016இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அவர்களுடைய மரபை மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாய் ஏற்றது. அவர்களிடையே திறமைக்கேற்ப மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படியிலுள்ளவள் மேற்படியினர் செல்லும் ஆழத்துக்குச் செல்வதில்லை. எல்லாரும் கூட்டமாகவே செல்கிறார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்கு முதன்முதலில் கற்பிப்பது பேராசையை அடக்குவதைத்தான். "இன்னும் ஒன்று" என்று கையை நீட்டுகிறவளின் கடைசி மூச்சு நீரை உள்ளிழுக்கும் மூச்சாகிவிடும் என்பது அவர்களுடைய எச்சரிக்கை.

1976இல் உலகில் முதன்முதலாய், மூச்சடக்கி 100 மீட்டர் ஆழத்தைத் தொட்ட பிரெஞ்சுக்காரர் ஜாக் மயோல், யோகப் பயிற்சியால் மனத்தை ஒடுக்கப் பழகியவர். ஆழத்தை வெல்ல உடலை முறுக்கேற்றுவதைவிட, மனத்தை அடக்குவது இன்றியமையாதது என்பதே அவர் கண்ட முடிவு.

காற்றுக் குழாயின் கண்ணி

அண்மைக் காலமாகத் தென் கடற்கரையில் வேறொரு வழக்கமும் பரவியிருக்கிறது. படகில் கம்ப்ரசர் என்னும் காற்றழுத்த இயந்திரத்தை வைத்து, நீண்ட குழாய் வழியே காற்றைப் பெற்றுக்கொண்டு, சங்குக்காகவும் சிப்பிக்காகவும் மணிக்கணக்கில் அடியில் இருக்கிறார்கள். மூச்சுத் தடை நீங்கிவிட்டது. எனவே ஆபத்தும் நீங்கிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை.

அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாய் ஏறினால் அது மூச்சுவழியே வெளியேறும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோல், உடலுக்குள்ளேயே குமிழிகளாகும். மூட்டுகளில் கடும் வலி, மரமரப்பு, கால்கள் செயலிழத்தல், சில வேளை மரணம் ஆகியவை இதன் விளைவுகள். இதன் காரணத்தை 1878இல் பால் பெர்ட் விளக்கினார். படிப்படியாய் நின்று ஏறினால் இதைத் தவிர்க்கலாம் என்பதை 1908இல் ஹால்டேன் கணக்கிட்டுக் காட்டினார். நூறாண்டுக்கு முன்னரே கண்ட உண்மையை அறியாமல், நம் பிள்ளைகள் இன்றும் கால்களை இழக்கலாமா?

குழாய்க் காற்றைச் சுவாசிப்பவன் மேலே ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கினால், விரியும் காற்று நுரையீரலையே கிழித்துவிடும். இங்கேதான் பதற்றம் கொல்லுகிறது. இயந்திரம் நின்று காற்று தடைப்பட்டதும், பயிற்சியில்லாதவன் இருக்கும் மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பாய்கிறான். பயிற்சி பெற்றவனோ மெல்ல மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுகிறான். அன்றியும், இயந்திரத்தின் புகை காற்றுடன் கலந்தால் நச்சு வாயு உள்ளே சென்று, வலியின்றியே நினைவை மாய்த்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

இல்லந்தோறும், கடற்கரைதோறும் பின்வருவனவற்றை இளைஞர்களுக்கு எடுத்துரைப்போமாக.

1. தனியே முங்கலாகாது. ஒருவன் கீழே, ஒருவன் மேலே என்பதே முன்னோர் வகுத்த முறை. முங்கியவன் தலை தெரிந்தபின்னும் அரை நிமிடமேனும் அவனைக் கவனிக்க வேண்டும். மயக்கம் அப்போதும் வரும்.

2. இறங்குமுன் வேகவேகமாய் மூச்சு வாங்கலாகாது. அமைதியாய்ச் சில முறை சுவாசித்து இறங்குவதே நன்று.

3. அடியில் இருந்த நேரத்தைப்போல் இரு மடங்கு நேரமேனும் மேலே இளைப்பாறிய பின்னரே மீண்டும் முங்க வேண்டும்.

4. சளி, காய்ச்சல், தூக்கமின்மை உள்ள நாளிலும் மனம் கலங்கிய நாளிலும் கடலில் இறங்கலாகாது. மது அருந்தியவன் முங்குவது தற்கொலைக்கு ஒப்பானது.

5. பை, கயிறு, கம்பி ஆகியவை ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி கட்டப்பட வேண்டும். எடைக்காகக் கட்டிய எதையும் நொடியில் கைவிடக் கற்றிருக்க வேண்டும்.

6. மயங்கியவனைக் கரைசேர்த்ததும் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாய்த் தூக்குவதும் தவறு. மூச்சு இல்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சளிக்க வேண்டும். நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்க வேண்டும். குழாய்க் காற்றில் முங்கியவனுக்கு மூட்டு வலியோ மரமரப்போ தோன்றினால், "நாளைக்குச் சரியாகும்" என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முங்கிய விவரத்தையும் மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

ஏழாவதாகப் பெற்றோருக்கு ஒரு சொல். "கடலுக்கு அஞ்சுகிறாயா?" என்று பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். இறங்கிப் பார்த்து, இன்று நீர் சரியில்லை என்று வெறும் பையுடன் திரும்பி வருகிறவன் கோழையல்லன். தன் எல்லையை அறிந்தவனே அவன். அவனுக்கு அன்று வீட்டில் கிடைக்கும் வரவேற்புதான், அடுத்த நாள் அவன் நிதானத்துடன் முடிவெடுப்பானா, வெட்கத்தால் ஆழத்துக்குப் போவானா என்பதை முடிவு செய்கிறது. வெறும் பையைப் பார்த்து முகம் சுளிக்கும் வீடு, தன்னை அறியாமலே பிள்ளையை இன்னும் சில மீட்டர் ஆழத்துக்குத் தள்ளிவிடுகிறது.

முட்டத்துப் பாறைகளில் சிப்பி என்றும் வளரும். இன்று விட்டுவந்த சிப்பியை நாளை எடுத்துக்கொள்ளலாம். கடல் ஓரிடத்துக்கும் போய்விடாது. விட்டுவந்த மூச்சைத்தான் மீண்டும் எடுக்க இயலாது. கயிற்றைப் பிடித்திருக்கும் கை மேலே உறுதியாய் இருக்கட்டும். கீழே இருப்பவன் மனம் அடங்கியிருக்கட்டும். கரையில் நிற்கும் தாயும் அப்போது சற்றே மூச்சு விடுவாள்.